தஞ்சோங்கின் பழைய பிரதிநிதி

ஜார்ஜ் டவுனிலிருந்து கிழக்குக் கடலோரமாகத் தெற்கு நோக்கிச் சென்று பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் வாசலில் கொண்டுவிடுகின்ற விரைவுச்சாலைக்கு இன்று துன் டாக்டர் லிம் சொங் இயூவின் பெயர் வழங்குகிறது. 2010-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி, தமது 91-ஆவது வயதில் அவர் காலமான பின்னர் செய்யப்பட்ட அந்த மரியாதை மிகவும் உசிதமானது. அந்தச் சாலை போய்ச் சேருகின்ற தொழிற்பேட்டையே அவருடைய பிரயத்தனத்தால் எழுந்தது. ஆயினும், ஒருவருடைய பெயர் சாலைப் பலகையில் ஏறிய பிறகு அவருடைய சரித்திரத்தைத் தேடிப் படிப்போர் குறைந்துபோவது எந்த ஊரிலும் காணக்கூடிய வழக்கம். அவர் 21 ஆண்டுகள் பினாங்கின் முதலமைச்சராக இருந்தார் என்பதை நம்மில் பலர் அறிவோம். தஞ்சோங் தொகுதியின் பிரதிநிதியாக 1964 முதல் 1978 வரை அவர் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார் என்பதையும், அதற்கு முன்னரே ஆளும் கூட்டணியின் இரண்டாவது பெரிய கட்சிக்குத் தலைவராகி, ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் அந்தத் தலைமையை இழந்து, அரசியலில் ஏறக்குறைய அநாதையாக நின்றார் என்பதையும் அறிந்தவர்கள் சிலரே.

தேர்தல் முடிந்ததும் நம் சமூகத்தில் எழுகின்ற முதல் கேள்வி, யாருக்கு அமைச்சர் பதவி, எத்தனை பேருக்குத் துணையமைச்சர் பதவி என்பதுதான். பதவி கிடைக்காத பிரதிநிதியைப் பயனற்றவர் என்று ஒதுக்கிவிடுவதற்கு நாம் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கம் தவறானது என்பதற்கு டாக்டர் லிம்மின் பொதுவாழ்வைவிடச் சிறந்த சாட்சியம் இந்தத் தீவில் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். கோலாலம்பூரில் 1959-ஆம் ஆண்டு அவருக்கு நேர்ந்த தோல்வி நேராதிருந்தால், அவர் மத்திய மந்திரி சபையில் ஓர் இலாகாவை வகித்துக் காலத்தைக் கழித்திருக்கக்கூடும். பாயான் லெப்பாஸ் இன்று நாம் காணும் பாயான் லெப்பாஸாக ஆகியிருக்காது.

அவர் 1919-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி பினாங்கில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, அக்காலத்தில் பிரிட்டிஷ் மலாயாவின் மிகச் சிறந்த மாணவர்களுக்கு மாத்திரமே கிடைத்த குவீன்ஸ் உபகாரச் சம்பளத்தைப் பெற்று, எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1944-இல் பட்டம் பெற்றார். யுத்தத்தின் கடைசிக் கட்டத்திலும் அதற்குப் பின்னரும் சீனாவில் சிலகாலம் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியபோது, நாடு சுயாட்சியை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது. 1951-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராண்மைக்கு நடந்த தேர்தலில், தெரிந்தெடுக்கப்பட வேண்டிய 9 இடங்களில் 6 இடங்களைக் கைப்பற்றிய ரேடிக்கல் கட்சி அவருடைய தலைமையில் வளர்ந்தது. பின்னர் மலாயா சீனர் சங்கமான மசீசவில் சேர்ந்து, கூட்டரசு சட்டசபையில் கூட்டணியின் கொறடாவாக இருந்து, 1958-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அக்கட்சியைத் தோற்றுவித்த முதுபெரும் தலைவர் துன் டான் செங் லோக்கையே போட்டியில் வென்று அதன் தலைவரானார். அப்பொழுது அவருக்கு 40 வயது கூட நிரம்பவில்லை.

சுதந்திரத்திற்குப் பிறகு நடக்கவிருந்த முதல் பொதுத்தேர்தலுக்கு 104 தொகுதிகள் வகுக்கப்பட்டிருந்தன. அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் சம்மதம் வேண்டும் என்பதால், ஒரு சமூகத்தின் பிரதிநிதிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால்தான் அவர்களுடைய உடன்பாடின்றி அடிப்படைச் சட்டம் மாறாது என்பது டாக்டர் லிம்மின் கணக்கு. ஆகவே தமது கட்சிக்கு 40 இடங்கள் ஒதுக்கும்படியும், தாய்மொழிக் கல்வி குறித்து ஓர் உறுதிமொழி தரும்படியும் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானுக்கு அவர் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பத்திரிகைகளில் வெளியானதும் துங்கு அதை ஓர் இறுதி எச்சரிக்கையாகக் கருதிக் கோபமுற்று, மசீசவை விட்டே கூட்டணி தேர்தலில் நிற்கும் என்ற நிலைக்குப் போனார். முடிவில் கட்சியின் பெரும்பான்மையோர் துங்குவின் நிபந்தனைகளுக்கு இணங்கினார்கள். கட்சிக்கு 31 இடங்கள் கிடைத்தன. வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் துங்குவின் கைக்குப் போயிற்று. டாக்டர் லிம் தலைமைப் பதவியை ராஜினாமாச் செய்தார். 1960-ஆம் ஆண்டின் இறுதியில் கட்சியையும் விட்டு விலகினார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சிறுபான்மையினர் தங்கள் பாதுகாப்பைத் தலைவர்களின் தயாள குணத்தில் வைக்காமல் சட்டத்தின் அமைப்பிலேயே வைக்க விரும்புவது விவேகம். தோட்டப்புறத்துத் தமிழர்களாகிய நாம் பிற்காலத்தில் பட்ட அனுபவங்களை எண்ணிப் பார்க்கும்போது அந்த விவேகத்தின் அருமை நமக்கு இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. கேட்ட விதத்திலும் கேட்ட வேளையிலும் அவர் பிசகினார் என்று சொல்வோர் உண்டு. தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த சமயத்தில், புதிதாகத் தலைமைக்கு வந்த ஒருவர், தம் கட்சி முழுவதும் தம் பின்னால் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் அத்தகைய கடிதத்தை அனுப்பியது அவசரமே என்பதை நானும் மறுக்கவில்லை.

அதன் பிறகு வந்த ஆண்டுகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு தேசியக் கட்சியின் தலைவராக இருந்தவர், 1962-இல் ஐக்கிய ஜனநாயகக் கட்சி என்ற சிறிய கட்சியைத் தொடங்கி, 1964 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சியின் சார்பில் வெற்றி பெற்ற ஒரே உறுப்பினராகத் தஞ்சோங்கிலிருந்து நாடாளுமன்றத்திற்குப் போனார். பின்னால் மேசை தட்டுவதற்கு ஒரு சக உறுப்பினர் கூட இல்லாத பிரதிநிதியாக, முன்னொரு காலத்தில் தம்மோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் மந்திரிகளாக எதிரே அமர்ந்திருக்க, அவர் அந்தச் சபையில் பேசவேண்டியிருந்தது. அக்காலத்து எதிர்த்தரப்பில் பத்து தொகுதியின் டாக்டர் டான் சீ கூனும், பேராக்கைச் சேர்ந்த சீனிவாசகம் சகோதரர்களும், சிங்கப்பூரிலிருந்து வந்த லீ குவான் இயூவும் இருந்தார்கள். மலேசிய நாடாளுமன்றம் விவாதத்தில் அவ்வளவு செழித்திருந்த காலம் குறைவு என்றே தோன்றுகிறது. 1965-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமைந்த மலேசிய ஒருமைப்பாட்டு மாநாட்டில் டாக்டர் லிம்மின் சிறிய கட்சியும் சேர்ந்தது. மூன்று மாதத்தில் சிங்கப்பூர் பிரிந்து போனது. அந்த முயற்சியும் கலைந்தது.

இரண்டு முறை அடிபட்டவர் மூன்றாவது முறையும் எழுந்தார். 1968-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி தோன்றிய கெராக்கான் கட்சியின் ஸ்தாபகர்களில் அவர் ஒருவர். பேராசிரியர் சையது ஹுசேன் அலாதாஸ், சரித்திர ஆசிரியர் வாங் குங்வு, டாக்டர் டான் சீ கூன் ஆகியோருடன், செபராங் செலாத்தான் தொகுதியின் பிரதிநிதியாக இருந்த வி. வீரப்பனும் அந்த ஸ்தாபகர் வரிசையில் இருந்தார். இனத்தின் பெயரால் அமையாத கட்சியாக அது பிறந்தபடியால், பினாங்குத் தமிழர்களுக்கு அதில் விருந்தாளியாக அல்லாமல் வீட்டுக்காரனாகவே நுழைய முடிந்தது. 1969-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதித் தேர்தலில் தத்தோ கிராமாட் தொகுதியிலிருந்து கெராக்கான் சார்பில் நாடாளுமன்றம் சென்றவர் தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட், அவரைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16 இடங்கள் கெராக்கானுக்குக் கிடைத்து, டாக்டர் லிம் முதலமைச்சரானார்.

அவர் ஏற்றுக்கொண்ட பினாங்கு எப்படிப்பட்டது என்பதை இன்று ஜீவனோபாயத்துக்குக் குறைவில்லாமல் வாழ்கிற நாம் நினைத்துப் பார்ப்பது கடினம். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக ஜார்ஜ் டவுனை வாழவைத்த சுங்கவரியில்லாத் துறைமுக அந்தஸ்து படிப்படியாகப் பறிக்கப்பட்டுவிட்டது. அண்டை நாடுகள் தங்கள் சரக்கைத் தாங்களே ஏற்றுமதி செய்யத் தொடங்கிவிட்டன. கிட்டங்கிகள் காலியாகக் கிடந்தன. உழைக்கக்கூடியவர்களில் சுமார் 15 சதவீதத்தினர் வேலையற்றிருந்தார்கள். 1967-ஆம் ஆண்டு நவம்பரில் நாணய மதிப்புக் குறைப்பை எதிர்த்து நடந்த கடையடைப்பு இரத்தக் களரியில் முடிந்த நினைவு மாறவில்லை. கடலுக்கு அக்கரையில், செபராங் பிறையின் கலிடோனியா, வால்டோர், பத்து காவான் போன்ற தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்கு நின்று பழகிய நம்மவர்களுக்கோ வேறொரு கவலை. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிக்கொண்டிருந்தன. பிரஜாவுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டம் வந்ததால், பிறந்து வளர்ந்த நாட்டை விட்டு ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு கப்பலேறினார்கள். பினாங்குத் துறைமுகத்தில் அந்தக் கப்பல்களை வழியனுப்பியவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் கோலாலம்பூரில் கலவரம் மூண்டது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. பினாங்கில் அந்தத் தீ பெரிதாகப் பரவாமல் காக்கப்பட்டதற்கு, புதிய முதலமைச்சர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தும் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கோடு உடனே ஒத்துழைத்தது ஒரு காரணம். அந்த ஒத்துழைப்பு வளர்ந்து, 1972 பிப்ரவரியில் கெராக்கானும் கூட்டணியும் பினாங்கில் கூட்டாட்சி அமைப்பதிலும், 1974-இல் தேசிய முன்னணியில் சேர்வதிலும் முடிந்தது. இதற்கு முன்னரே கட்சி பிளந்துவிட்டது. அலாதாஸ், டான் சீ கூன், வீரப்பன் ஆகியோர் வெளியேறினார்கள்.

இந்த இடத்தில் டாக்டர் லிம்மின் கீர்த்தியைப் பாடுவோரும் அவரைத் தூற்றுவோரும் இரு பிரிவாக நிற்கிறார்கள். துங்குவின் நிபந்தனைகளுக்கு 1959-இல் பணிய மறுத்தவர், 1972-இல் அந்தக் கூட்டணியோடு கைகோத்தது கொள்கையைக் கைவிட்டதல்லவா என்பது பலருடைய கேள்வி. வாக்களித்தவர்கள் எதிர்க்கட்சிக்கு என்று எண்ணி வாக்களித்தபடியால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதிகாரம் எங்கே எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் அரசியலமைப்பில் நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. சுங்கம், வருமான வரி, துறைமுகம், குடிநுழைவு, கல்வி எல்லாம் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. தீர்வையில்லாத் தொழில் வட்டாரம் ஒன்றை அமைப்பதற்கு இவ்விரண்டு கைகளும் சேர வேண்டும். வேலையில்லாத இளைஞர்கள் தெருவில் நிற்கையில், சேராமல் நின்று கௌரவத்தைக் காப்பதா, சேர்ந்து வேலையைத் தேடுவதா என்ற கேள்வி அவர் முன் நின்றபோது, அவர் இரண்டாவதைத் தெரிந்துகொண்டார். அவர் செய்தது சரி என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பினாங்கு கொடுத்த விலையும் உண்டு: இனப் பாகுபாடற்ற கட்சி என்ற உத்தேசத்தோடு பிறந்த கெராக்கான் நாளடைவில் தனிக்குரலை இழந்து, நடைமுறையில் மற்றொரு சீனர் கட்சியாகச் சுருங்கியது. வீரப்பன் போன்றவர்கள் வெளியேறிய வெற்றிடத்தைத் தமிழர் தரப்பிலிருந்து அதே தகுதியோடு எவரும் நிரப்பவில்லை.

இப்பொழுது பாயான் லெப்பாஸுக்கு வருவோம். 1935-இல் திறக்கப்பட்ட விமான நிலையம் ஒன்றைத் தவிர, 1970 வரை இது நெல்வயலும் தென்னந்தோப்பும் மீனவர் கம்பங்களும் நிறைந்த தீவின் தென்கிழக்கு மூலைதான். 1969-ஆம் ஆண்டு நவம்பரில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டு, அதன் நிர்வாகப் பொறுப்பு சேட் சிங் என்ற திறமையான அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ராபர்ட் நாதன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணரின் குழு மாநிலத்துக்கு ஒரு திட்ட அறிக்கையைத் தயாரித்துக் கொடுத்தது. துறைமுக வியாபாரத்தை உயிர்ப்பிக்க முயன்று காலத்தை வீணாக்காமல், ஏற்றுமதிக்கான உற்பத்தித் தொழிலுக்கு மாற வேண்டும் என்பது அதன் சாரம். தீர்வையில்லா வட்டாரச் சட்டம் 1971-இல் நிறைவேறியது. 1972-இல் நாட்டின் முதல் தீர்வையில்லாத் தொழில் வட்டாரம் பாயான் லெப்பாஸில் திறந்தது.

திறப்பதற்கு ஒரு வட்டாரம் இருந்தால் போதாது. வருவதற்கு ஆள் வேண்டும். முதலமைச்சர் தாமே அமெரிக்காவுக்குப் போய், அக்காலத்தில் பெயர் கேள்விப்படாத இளம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளின் வாசல்களில் ஏறி இறங்கினார். இன்டெல் அப்பொழுது தோன்றி நான்கே ஆண்டு ஆன நிறுவனம். அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் தொழிற்சாலை இங்கேதான், வயலை மேடாக்கி, 1972-இல் எழுந்தது. இன்டெல்லோடு சேர்த்து ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ் என்று வந்த முதல் எட்டு நிறுவனங்களை இவ்வூரார் இன்றும் எட்டு சாமுராய்கள் என்று அழைக்கிறார்கள். 1975-இல் இன்டெல்லின் தொழிற்சாலை நெருப்புக்கு இரையானபோது, அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சியவர்கள் உண்டு. அவர்கள் மறுபடியும் இங்கேயே கட்டினார்கள்.

உள்ளே நடந்த வேலையைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். நீண்ட மேசைகளில் வரிசையாக உட்கார்ந்த பெண்கள், தலையில் தொப்பியும் உடம்பில் மேலங்கியும் அணிந்து, மைக்ராஸ்கோப்பில் இரு கண்களையும் பதித்து, எள்ளளவே உள்ள சிலிக்கான் சில்லின் ஓரத்துப் புள்ளியிலிருந்து உலோகச் சட்டத்தின் கால் வரைக்கும், தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒவ்வொன்றாக இணைப்பார்கள். கை சற்று நடுங்கினாலும் கம்பி அறும்; அறுந்த சில்லு கழிவில் போகும். ஒரு ஷிஃப்டு முழுவதும், நாளுக்கு இத்தனை என்ற இலக்கோடு, இதே வேலை. வீடு திரும்பும்போது கண்ணெரிச்சலும் கழுத்து வலியும் கூடவே வரும். ஆபரேட்டர் என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்ட அந்தப் பெண்களில் பெரும்பகுதியினர் கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் வந்த மலாய்க்காரப் பெண்கள். அவர்களோடு செபராங் பிறையின் பால்மரத் தோட்டங்களையும் செம்பனைத் தோட்டங்களையும் சேர்ந்த நம் வீட்டுப் பெண்களும், பின்னிரவில் எழுந்து, பட்டர்வொர்த் பெர்ரியில் கடல் கடந்து, ஃபேக்டரி பஸ் பிடித்து வந்தார்கள். தாய் பால்வெட்டிய கத்தியையே தானும் எடுக்க வேண்டியிருந்த பெண்ணுக்கு, மாதம் முடிந்ததும் தன் பெயரில் சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தது; கங்காணிக்கும் கிராணிக்கும் கைகட்டி நிற்காத ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை அவள் கண்டாள். ஓ.டி. செய்து மிச்சம் பிடித்த பணத்தில் தம்பிமாரைப் படிக்கவைத்த அக்காமார்கள் எத்தனை பேர் என்பதை நம் குடும்பங்கள் அறியும். தோட்டத்தை விட்டுத் தமிழர் வெளியேறிய கதையைச் சொல்வோர் அதன் சோகத்தைச் சொல்கிறார்கள். அது சொல்லப்பட வேண்டியதே. பாயான் லெப்பாஸில் அதற்கு வேறொரு பக்கமும் உண்டு. அந்தப் பக்கம் நம் எழுத்தில் உரிய இடம் பெறவில்லை.

இந்த வரவுக்கு எதிரே ஒரு பெரிய பற்றும் எழுதப்பட வேண்டும். இத்தனை பேர் வேலை செய்த தொழிலில், தொழிலாளர் சங்கம் வைக்கும் உரிமை பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. மின்சாதனத் தொழிலாளர் சங்கம் ஒன்று ஏற்கெனவே இருந்தது; எலெக்ட்ரானிக்ஸ் தொழில் அதிலிருந்து வேறுபட்டது என்று சொல்லி, இவர்களை அதில் சேர விடாமல் சங்கப் பதிவதிகாரி தடுத்தார். இந்த அநியாயத்தை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர், 1969-இல் டாக்டர் லிம்மின் கட்சிச் சின்னத்தில் வென்ற அதே டேவிட்தான். பிற்காலத்தில் ஜனநாயகச் செயல் கட்சியின் பூச்சோங் உறுப்பினராகவும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் பொதுச் செயலாளராகவும் இருந்த அவர், 1987 அக்டோபரில் நடந்த லாலாங் நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறை வைக்கப்பட்டார். மறு ஆண்டில் சங்கம் அமைக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்து, சில வாரங்களுக்குள் அதைச் சுருக்கி, அந்தந்தத் தொழிற்சாலைக்குள் அடங்கிய சங்கங்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டது. வட்டார அளவிலான சங்கங்களுக்கு வழி திறக்க மேலும் இருபது ஆண்டு ஆயிற்று. 1980-களின் மத்தியில் தொழில் மந்தம் வந்து ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தபோது, அவர்களுக்காகப் பேரம் பேச யாரும் இல்லாமல் போனது இதனால்தான். சங்கத்தை அனுமதிப்பது மத்திய அரசின் அதிகாரம் என்பது உண்மை. ஆனால் முதலீட்டாளர்களை அழைத்துவந்த பெருமையை முதலமைச்சரின் கணக்கில் எழுதுகின்ற நாம், அந்த முதலீட்டாளர்களுக்கு உகந்ததாக இருந்த இந்த மௌனத்தையும் அதே கணக்கில் எழுதியே ஆகவேண்டும். அப்பெண்கள் அமர்ந்த வரிசைகளில் இன்று நேப்பாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் நிற்கிறார்கள். தட்டிக் கேட்க ஆளில்லாத நிலை அவர்களுக்கு இன்னும் கடுமையாக இருக்கிறது.

அவருடைய மற்றப் பணிகளை நான் இங்கே விரிக்கவில்லை. 65 மாடிகளோடு எழுந்த கொம்தார் கட்டடம் பழைய தெருக்கள் பலவற்றை விழுங்கியது. அது தேவைதானா என்ற விவாதம் ஓயவில்லை. 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் தீவையும் பெருநிலத்தையும் இணைத்தபோது, பிறையிலிருந்து வந்த தொழிலாளர்களின் பஸ்கள் பெர்ரிக்குக் காத்திராமல் நேரே பாயான் லெப்பாஸுக்கு வந்தன. 1989-இல் அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளர்களும் சேர்ந்து இங்கே அமைத்த பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், கூலி மலிவை மாத்திரம் நம்பியிருந்த வட்டாரத்துக்கு அறிவை ஒரு மூலதனமாகக் கொடுத்தது. அதை இவருடைய காலத்தின் மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

1990-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி நடந்த தேர்தலில், பாடாங் கோத்தா சட்டமன்றத் தொகுதியில் ஜனநாயகச் செயல் கட்சியின் லிம் கிட் சியாங்கிடம் 706 வாக்கு வித்தியாசத்தில் டாக்டர் லிம் தோற்றார். அவருடைய அணி 33 இடங்களில் 19 இடங்களை வென்று ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது; அவர் மட்டும் வெளியே நின்றார். வேறொரு தொகுதியைக் காலி செய்து இடைத்தேர்தலில் நுழைவதும், மேலவை வழியாகத் தலைநகர் செல்வதும் அரசியலில் புதியவை அல்ல. அவர் அவ்வாறு எதையும் நாடாமல், பதவி டாக்டர் கோ சூ கூனிடம் போக, பொதுவாழ்விலிருந்து ஓய்வு பெற்றார். 1967-இல் விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்கில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றபோது தமிழ்நாடே திகைத்தது. பள்ளிக்கூடங்களையும் கிண்டி போன்ற தொழிற்பேட்டைகளையும் தந்த ஆட்சியின் நாயகரை ஜனங்கள் நன்றி மறந்து தோற்கடித்தார்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். பினாங்கிலும் 1990-இல் அவ்விதமே பேசியவர்கள் இருந்தார்கள். நான் அதை ஒப்பவில்லை. 21 ஆண்டு ஆண்டவரை மாற்றிப் பார்க்க வாக்காளர் விரும்பியதில் நன்றிகேடு இல்லை. வாக்குச் சீட்டு கடந்தகாலத்துக்குக் கொடுக்கும் கூலி அல்ல. தோற்றவரும் அதை அவ்வாறே எடுத்துக்கொண்டார் என்பது அவருக்குச் சிறப்பு.

நம்மால் செய்யக்கூடிய காரியம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதை வற்புறுத்துவதற்காகவே இதை எழுதினேன். டாக்டர் லிம்மைப் பற்றி ஆங்கிலத்திலும் சீனத்திலும் நூல்களும் கட்டுரைகளும் உள்ளன. அவருடைய கழக அதிகாரிகளும் கம்பெனி மேலாளர்களும் தங்கள் நினைவுகளைச் சொல்லிவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தவர்களின் வாய்மொழி, முக்கியமாகத் தமிழில், சேகரிக்கப்பட்டதாக நான் கண்டதில்லை. 1972-இல் பதினெட்டு வயதில் வேலைக்கு வந்த பெண்ணுக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. அவர்களில் பலர் பாயான் பாருவிலும் பிறையிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது; மாநில அரசுக்கு நிதியும் உண்டு. பாயான் லெப்பாஸ் வட்டாரத்திலேயே சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதன் மேல்வகுப்புப் பிள்ளைகள், ஆசிரியர் துணையோடு, தங்கள் பாட்டிமாரிடமும் அண்டை வீட்டுப் பாட்டிமாரிடமும் போய், முதல் நாள் எந்த பஸ்ஸில் வந்தீர்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், சங்கம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு ஒலிப்பதிவு செய்யலாம். இந்த வேலையைப் பல்கலைக்கழகமும் மாநில அரசும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.